வந்தோர்க்கு விருந்து

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகளை வாசித்து முடித்த சபைச் செயலர் செல்வதாஸ், வழக்கம்போல் கண்ணாடியை மடக்கிக்கொண்டு கீழே இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மைக்கின் முன்னால் பிடித்தார். நம்முடைய சபையில் வளர்ந்த பிள்ளை ஜெனின், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லி தாய்லாந்திலிருந்து ஒரு சாட்சி அனுப்பியிருக்கிறான், எல்லாரும் அமைதியாகக் கேளுங்கள் என்றார். பெண்கள் பக்கத்தில் இருந்த ஷைஜாவை நாலைந்து தலைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஜெனின் அவளுடைய தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

"அன்பான அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் உங்க வீட்டுப் பிள்ளை ஜெனினோட வணக்கம். நான் இங்க ராஜா மாதிரி இருக்கேன். இந்தக் கம்பெனி எனக்குத் தாய் மாதிரி. கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கத் தெரிஞ்சா போதும், பாலும் தேனும் ஓடுது. என்கூட வந்த ஒருத்தன் அதுக்குள்ள வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுட்டான். இனி கொஞ்ச இடம்தான் காலி. யோசிச்சுக்கிட்டு நின்னா அடுத்த ஊர்க்காரன் ஏறிடுவான். நாலு பேரைக் கேட்டா நாலு விதமாச் சொல்லுவாங்க, யாரையும் கேட்க வேண்டாம். உங்க மனசைக் கேளுங்க, கிளம்பி வாங்க."

சபை 'ஸ்தோத்திரம்' என்றது. ஷைஜாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. குரல் தம்பியுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் உள்ளங்கை வேர்த்து, பிடித்திருந்த பாட்டுப் புத்தகத்தின் அட்டை ஈரமாகிவிட்டது.

செல்வதாஸ் அதோடு விடவில்லை. ஷைஜாவின் கணவன் எபிசனும், தன் சொந்த மகன் ஷிஜினும் வருகிற புதன்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி அதே கம்பெனிக்குப் போகிறார்கள், சபையார் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். ஆயர் கையை உயர்த்தி ஜெபித்தார். ஆண்கள் பக்கத்தில் எபிசன் தலை குனிந்து நிற்பது தெரிந்தது. சலூனில் புதிதாக ஒதுக்கிய அந்தப் பிடரியைப் பார்த்ததும், இந்த மனுஷனை இனிக் காண மாட்டேனோ என்றொரு நினைப்பு எங்கிருந்தோ வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதல் காரணம் பிடிபட்டது. தம்பி எதையும் குறை சொல்லவில்லை.

இந்த மாவட்டத்திலிருந்து வெளிநாடு போனவன் எவனும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. மாடிக்கு மேல் மாடி கட்டுகிறவனும் போனில் 'ஓ, கழிஞ்சு போவுது' என்றுதான் முனகுவான். வெயில் கொல்லுகிறது, மீனில் ருசியில்லை, அறையெல்லாம் மூட்டைப்பூச்சி. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டால் கண் பட்டுவிடும். கண் படாமல் போனாலும், எனக்கும் ஒரு விசா எடு என்று மறுநாளே சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கோவிலில் உண்மையாகவே சாட்சி சொல்கிறவர்கள்கூட பட்ட பாடுகளை எல்லாம் கொட்டி அழுத பிறகுதான் ஆசீர்வாதத்துக்கு வந்து சேருவார்கள்.

ஜெனின் இந்தக் கலையில் மன்னன். போன புதிதில் ஒவ்வொரு அழைப்பிலும் புலம்பல்தான். சோறு கொள்ளாது, பசையாக ஒட்டுகிறது, மீன் குழம்பில் சீனி போடுகிறார்கள், தலையணை கல்லாக இருக்கிறது. ஷைஜா சிரித்துக்கொண்டே கேட்பாள். பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை. அதற்குப் பின் வந்தவை எல்லாம் பதிவு செய்த வாய்ஸ் மெசேஜ்கள், எல்லாம் சிரித்த குரலில். அவள் அழைத்தால் எடுப்பதில்லை. வேலை நேரத்தில் போன் பேசக்கூடாது என்று ஒரு வரி மட்டும் வரும். எந்நேரமும் வேலை நேரமா என்று அவளும் கேட்டதில்லை. பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் அந்தத் 'தாய் மாதிரி'. அம்மா இறந்தபோது ஜெனின் எட்டாம் வகுப்பில் இருந்தான். அடக்கம் முடிந்த வீட்டில் ஒரு சித்தி அவன் தலையைத் தடவி, இனி நான் உனக்குத் தாய் மாதிரி என்று சொன்னதற்கு, சோற்றுத் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தவன் அவன். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. அவனா ஒரு கம்பெனியைத் தாய் என்கிறான்?

ஷைஜா சாதாரணப் பெண்ணாக இருந்திருந்தால் இதோடு மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் பிழைப்பதே இந்த வித்தையில்தான். தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து அறிவிப்புகள் பதிவு செய்கிறாள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கன்வென்ஷன் கூட்டம், அம்மன் கோவில் கொடைவிழா, கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் எழுத்தும் அவளே, குரலும் அவளே. எபிசன் அதை ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் போட்டு அருமனை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவார்.

அந்த எழுத்துக்கு ஒரு நடை உண்டு. முதலில் உறவு கொண்டாட வேண்டும், அன்பான தாய்மார்களே என்று. அடுத்து, பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே வாங்கிவிட்டாள் என்று வயிறெரிய வைக்க வேண்டும். பிறகு தீர்ந்துவிடப் போகிறது என்று பயம் காட்ட வேண்டும். நடுவில் பாலும் தேனும் பன்னீரும் தாராளமாகத் தெளிக்கலாம். கேட்கிறவருக்கு மூச்சு விட்டு யோசிக்க இடம் மட்டும் கொடுத்துவிடக்கூடாது. ஜெனின் கல்லூரி விடுமுறைகளில் அந்த அறையில்தான் கிடப்பான். அக்கா பொய் சொல்கிறாள் பொய் சொல்கிறாள் என்று கேலி செய்தபடியே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு அந்தத் தொழில் கசந்துபோனது ஒரு சர்க்கஸால். ஒரு ஆள் வந்து, அருமனையில் சிங்கம் புலியோடு சர்க்கஸ் வருகிறது, விளம்பரம் செய்யுங்கள் என்றான். ஷைஜா இருப்பதிலேயே நல்ல வரிகளை எடுத்துவிட்டாள். "இதுபோல் ஒன்று இதற்கு முன் வந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை! வந்தோர்க்கு விருந்து, வராதோர்க்கு வருத்தம்!" எபிசன் ஓட்ட, ஜெனின் பக்கத்தில் இருந்து நோட்டீஸ் வீசினான். சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரண்டு வந்து பார்த்தால், மைதானத்தில் ஒரு கூடாரக் குச்சிகூட இல்லை. பெட்டிக்கடைகளுக்கு இடம் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு அந்த ஆள் கம்பி நீட்டிவிட்டான். அகப்பட்டது ஆட்டோதான். கல் வந்து ஜெனினின் புருவத்தில் பட்டு, தையல் போட்டார்கள். ரத்தத்தைத் துடைத்தபடி அவன் சொன்னது, சாகிற வரை அந்த வரிகளை என் வாயால் சொல்ல மாட்டேன், என் முன்னால் யாரும் சொல்லவும் கூடாது என்று. எபிசன் இரண்டொரு தடவை விளையாட்டாகச் சொல்லிப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எபிசன் கட்டிலில் பெட்டியை விரித்து வைத்துத் துணி அடுக்கத் தொடங்கினார். ஷைஜா அடுக்களையில் நின்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சபையாரின் வாட்ஸ்அப் குழுவில் செல்வதாஸ் போட்டிருந்த தம்பியின் சாட்சியை மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை அக்காவாகக் கேட்கவில்லை, தொழில்காரியாகக் கேட்டாள். உறவு கொண்டாடுதல், இருக்கிறது. வயிறெரிய வைத்தல், அஸ்திவாரம் போட்டவன். பயம் காட்டுதல், அடுத்த ஊர்க்காரன். பாலும் தேனும். மூச்சு விட இடமில்லை. ஊர்ப் பேச்சு ஒன்றுகூட இல்லாமல் கழுவித் துடைத்த தமிழ். இது கடுதாசியில் எழுதி வைத்து வாசித்தது. ஆராதனையில் அத்தனை பேரும் ஸ்தோத்திரம் சொன்னது ஒரு விளம்பரத்துக்கு.

இதையே ஜவுளிக்கடைக்காரன் சொல்லியிருந்தால், சாயம் போகுமா, சுருங்குமா என்று ஆயிரம் கேள்வி கேட்டுத் திணறடித்திருக்கும் அதே சனம்தான். சாட்சி என்று பெயர் சூட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டது. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்பது பாவமாம். செல்வதாஸும் கெட்டவரில்லை, கெட்டவர் தன் மகனையே அனுப்பி வைப்பாரா? நல்லெண்ணத்துக்கும் நாலு கேள்வி கேட்கத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் ஷைஜாவின் ரத்தத்தை உறைய வைத்தது வேறொரு வரி. யாரையும் கேட்க வேண்டாம். எத்தனையோ புளுகு எழுதியிருக்கிறாள், இந்த ஒன்றை மட்டும் அவள் எழுதியதே இல்லை. மோசமான சேலையை விற்கிறவன்கூட மாமியாரையும் கூட்டி வா என்றுதான் சொல்வான். யாரையும் கேட்காதே என்று சொல்கிறவனுக்கு வேண்டியது உன் காசு இல்லை, நீதான். வேலைக்கென்று கூட்டிப்போய் மதிலுக்குள் அடைத்து வைக்கிற இடங்களைப் பற்றிச் செய்தியில் வந்தது நினைவுக்கு வந்தது. ஆள் பிடித்துத் தராத பையன்களை அடிப்பார்களாம். அன்று அதைப் பார்த்துவிட்டு, பாவம் எந்த வீட்டுப் பிள்ளையோ என்று சொல்லி சேனலை மாற்றியவள் அவள்.

எபிசனிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். உன் அறையில் வளர்ந்த பையன் உன்னை மாதிரித்தானே பேசுவான் என்றார். அவள் தாய் மாதிரி என்றதைச் சொன்னாள், குறை சொல்லாததைச் சொன்னாள். பிள்ளைக்கு வயசு கூடி புத்தி வந்திருக்கிறது என்றார். அவள் பயந்து, பயம் முற்றி, விமானத்திலிருந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள், அடிப்பார்கள், பிணமாகக்கூட வந்து சேர மாட்டீர்கள் என்று அடுக்கினாள். கண்ணீரும் வந்தது, உண்மையான கண்ணீர். எபிசன் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, மைக்கில பேசுற மாதிரி எனக்கிட்டப் பேசாத. தள்ளுபடிக்கும் நீ இப்படித்தான் குரல் நடுங்கப் பேசுவ."

அவர் சொன்னதில் தப்பில்லை. மூச்சு வாங்கும் இடமும், குரல் கம்முகிற இடமும் அப்படியே அவளுடைய அறிவிப்புகள்தான். இத்தனை வருஷம் ஊரை நம்ப வைத்த குரல், கட்டின புருஷனை நம்ப வைக்க உதவவில்லை. அவர் வேறெதையோ தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். இப்போது எல்லாரும் விளம்பரத்தைப் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள், ஆட்டோ மாதத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது, பெண்டாட்டி சம்பாத்தியத்தில் தின்கிறான் என்று பேச்சு வருவதற்குள் நானும் ஒரு மனுஷனாக வேண்டாமா? அதைக் கேட்டதும் அவளுக்குப் பயத்தோடு பாவமும் சேர்ந்துகொண்டது. இந்தப் புண் உள்ள ஆளைத்தான் அந்த விளம்பரம் சரியாகப் பிடித்திருக்கிறது.

கடைசியில் ஒன்று கேட்டாள். நான் ஜெனினிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன், அவன் சொல்வதை நீங்களும் கேளுங்கள், அதன் பிறகு நான் தடுக்கவில்லை. எபிசன் சரி என்றார். அவருக்கு முன்னாலேயே பதிவு செய்தாள். அத்தானுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது மக்கா, நீ நேராக அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் துணிந்து கிளம்புவார் என்று, அவ்வளவுதான்.

பதில் உடனே வந்தது. அழைத்தால் எடுக்க நேரமில்லாதவனுக்கு இதற்கு மட்டும் நேரம் இருந்தது. ஷைஜா சத்தத்தைக் கூட்டி, பெட்டியின் மேல் வைத்தாள்.

"அத்தான், நீங்க யோசிக்கவே வேண்டாம். இதுபோல் ஒன்று இதற்கு முன் வந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. வந்தோர்க்கு விருந்து, வராதோர்க்கு வருத்தம். ஷிஜினையும் கூட்டிட்டு வாங்க. வணக்கம்."

எபிசனின் கை தானாக எழுந்து தன் புருவத்தைத் தொட்டது, ஜெனினுக்குத் தையல் போட்ட அதே இடத்தை. அப்புறம் அடுக்கி வைத்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அருமனை," என்றார். "ஏட்டி, அவன் வராண்டாம்னு சொல்லுகான்."

புருஷன் தப்பித்தார் என்ற நிம்மதி வருவதற்கு முன்னால் தம்பியின் நிலைமை வந்து ஷைஜாவின் நெஞ்சில் ஏறிக்கொண்டது. அவன் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நேராகச் சொல்ல முடியாதபடிக்கு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆளின் காதுக்கு அது நல்ல விளம்பர வரி, சபாஷ் என்று முதுகில் தட்டியிருப்பான். சாகிற வரை சொல்ல மாட்டேன் என்ற வரியைத் தம்பி சொல்லிவிட்டான். எந்த நிலைமையில் இருந்தால் சொல்வான் என்று நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எபிசன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவை எடுத்தார். செல்வதாஸ் வீட்டுக்குப் போய் முதலில் ஷிஜினை நிறுத்த வேண்டும். கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு காலையில் நாகர்கோவிலுக்குப் போய் கலெக்டர் ஆபீசிலும் போலீசிலும் சொல்ல வேண்டும். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, நீ அவனுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். அதுதான் அவளையும் தின்றுகொண்டிருந்தது. வரவில்லை என்று சொன்னால் அடி அவனுக்கு. பதிலே சொல்லாவிட்டாலும் அடி அவனுக்கு. புதன்கிழமை விமானத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தால், அதற்கும் அவனுக்கே.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள். "நான் தனியா இத செய்ய மாட்டேன்."

அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் அரிசிச் சம்படத்தின் மூடிமேல் வைத்தாள். கண்ணை மூடி, முட்டை அட்டை ஒட்டிய அறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். இந்த அறிவிப்பைக் கேட்கப்போவது தம்பி இல்லை, அவன் பக்கத்தில் இருப்பவன். அவனுக்கு எது இனிக்கும், எதை இழப்பது என்றால் பயம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்த முகத்தோடு பேசினாள்.

"மக்கா, அத்தான் வாறாவ. ஷிஜினும் வாறான். கோவில்ல உனக்க பேச்சக் கேட்டு இன்னும் நாலஞ்சு பயலுவ கேட்டு நிக்கானுவ. பாஸ்போர்ட்டுல ஒரு சின்ன வேலை பாக்கி, டிக்கெட்ட ஒரு வாரம் தள்ளிப் போடுகோம். ஆனா ஒண்ணு கேட்டியா. உன்ன நம்பித்தான் எல்லாவனும் வாறான். நீ நல்லா இருக்கணும். தினமும் உனக்க சத்தம் கேக்கணும். ஒரு நாள் கேக்காட்டா பயலுவ பயந்து கலைஞ்சு போயிருவானுவ."

உறவு, ஆசை, பயம், எல்லாம் சரியான இடத்தில் விழுந்தன. விரலை எடுத்ததும் அவள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தன் வாழ்க்கையில் இத்தனை பயத்தோடு ஒரு விளம்பரம் அவள் செய்ததில்லை. எபிசன் அவள் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது. கேட்டவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ, குரல் எங்காவது கம்மிவிட்டதோ என்று ஒவ்வொரு சொல்லாகத் திருப்பித் திருப்பி நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி சம்படத்தின் மேல் அதிர்ந்து அரிசி குலுங்கியபோது இரண்டு பேரும் பதறினார்கள்.

ஜெனின்தான். ஆனால் பாலும் தேனும் இல்லை, ராஜாவும் இல்லை. களைத்துப்போன, மெல்லிய, ஊர்க்குரல். பின்னால் எங்கோ ஓர் இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"சரி அக்கா. தினமும் பேசுகேன், இவங்க சரின்னு சொல்லியாச்சு. அத்தானுக்க கையில மாங்கா ஊறுகாய் குடுத்து விடு. இஞ்ச சோறு கொள்ளாது."

ஷைஜா அதைத் திரும்பவும் ஓடவிட்டாள். பிறகு இன்னொரு தடவை. கதவுச் சத்தம் வருகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும், தம்பி பழையபடி குறை சொல்கிற இடம் வரைக்கும், நிறுத்தாமல் கேட்டாள்.

"கேட்டியளா," என்று எபிசனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "சோறு கொள்ளாதாம்."